செல்லங்கள் கேள்வி–பதில்: பழைய நாயும் புதிய நாயும் ஒரே வீட்டில்

தெருவிலிருந்து மீட்ட நாயை, யாரோ கைவிட்டுப்போன நாயை, ஏற்கெனவே நாய் வளரும் வீட்டுக்குள் எப்படிச் சேர்ப்பது என்று பலர் எழுதியிருந்தீர்கள். மனிதர்களிடம் குழைந்து, சக நாயைக் கண்டால் மட்டும் சீறும் நாய்களைப் பற்றிய கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார் (பெண்), நான்கு வயது நாட்டு நாய் (ஆண்) இருக்கின்றன. பத்து நாளைக்கு முன் சாலையோரம் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன ஒரு நாயைக் கூட்டிவந்தோம். ஆண், இரண்டு மூன்று வயது இருக்கும் என்றார் டாக்டர். எங்களிடம் பாசமாக இருக்கிறது. நாயைப் பார்த்தால் மட்டும் லீஷ் அறுந்துவிடும்போலப் பாய்கிறது. வந்த அன்றே மூன்றையும் ஹாலில் விட்டோம். நாட்டு நாயின் காதைக் கடித்துவிட்டது. இனி எப்படிப் பழக்குவது?
— வாசகி, கோவை

இப்போதைக்குப் பழக்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரம் மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமலேயே இருக்கட்டும். நீங்கள் செய்தது பெரும்பாலானோர் செய்வதுதான். ஆனால் நாய்களின் கண்ணில் அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நாய்கள் மரியாதையாகச் சந்திக்கும்போது நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கத்தை மோந்து பார்க்கும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் வளைந்து வர இடமில்லை, பின்வாங்க வழியுமில்லை. வீட்டு நாய்க்கு அது தன் இடம். வந்த நாய்க்கு அது முட்டுச்சந்து.

காதுக் காயத்தைக் கவனியுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்ததோடு நின்றதா, பல் ஆழமாக இறங்கியதா? கடித்ததும் விட்டதா, பிடித்துக்கொண்டு உலுக்கியதா? இயன் டன்பர் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு நிலைகளாகப் பிரித்தார். அது மனிதரைக் கடிப்பதற்காக வகுத்த அளவுகோல் என்றாலும் நாய்ச் சண்டைக்கும் பயிற்சியாளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் பல் இறங்கினால் அது நான்காம் நிலை. காதுக் காயம் பார்ப்பதற்குப் பயங்கரமாகத்தான் இருக்கும், ரத்தம் சுவரெல்லாம் தெறிக்கும். இருந்தும் கடித்துவிட்டு உடனே விலகியிருந்தால் பெரும்பாலும் அது பயத்தில் கடித்த கடி. ஓசையில்லாமல் வந்து, கழுத்தையோ காலையோ கவ்வி உலுக்கும் நாய் வேறு வகை. அதற்குக் கீழே சொல்லும் முறையைத் தனியாக முயலாமல், அனுபவமுள்ள பயிற்சியாளரை நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் முதலில். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் கடித்தால் அதைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். கடித்த புதிய நாய் பத்து நாளுக்குப் பிறகும் நன்றாகச் சாப்பிட்டு நலமாக இருந்தால் நல்ல செய்தி. கடிபட்ட நாட்டு நாய்க்கு இந்த ஆண்டு ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும், பூஸ்டர் போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புதிய நாய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். நம் ஊர் மீட்பு நாய்களிடம் உண்ணி கடித்து வரும் காய்ச்சல் பரவலாக இருக்கிறது. மூட்டு வலியோடு சுருண்டு கிடக்கும் நாய், பக்கத்தில் வரும் எதையும் கடிக்கும். காதுச் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி தீர்ந்ததும் பாதிச் சண்டை தீர்ந்துபோன நாய்கள் உண்டு. இரண்டு வாரத் தனிமைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பார்வோ, டிஸ்டம்பர் போன்ற தொற்றுநோய்கள் உடலில் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

தனிமை என்றால் இரண்டு தடுப்பு. ஒரு கதவு மட்டும் போதாது; கதவு ஒன்று, அதற்கு அப்பால் கூண்டோ கிரில் கேட்டோ இன்னொன்று. வீடுகளில் நடக்கும் விபத்துகளில் நாயின் தவறைவிடக் கதவைத் திறந்தவரின் தவறுதான் அதிகம். வேலைக்கு வரும் அக்கா, பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்று யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, உள்ளே எந்த நாய், வெளியே எந்த நாய் என்று எழுதி வையுங்கள். கிரில் வழியே பார்வை தெரிந்தால் கீழ் நான்கடியை அட்டையாலோ தார்ப்பாயாலோ மறையுங்கள். கிரிலுக்கு இருபுறமும் நின்று தினமும் குரைத்துக்கொள்ளும் நாய்கள் பழகுவதில்லை. சண்டையை ஒத்திகை பார்க்கின்றன.

இந்த நாட்களில் வாசனை மட்டும் போய்வரட்டும். புதிய நாய் படுத்த துணியைப் பழைய நாய்கள் சாப்பிடும் இடத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் போடுங்கள். அவற்றின் துணியை இதனிடம். மோந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனால் சரி. துணியின் மேலேயே விறைத்து நின்றாலோ முதுகு மயிர் சிலிர்த்தாலோ இன்னும் தள்ளி வையுங்கள். நாய்கள் பூட்டியிருக்கும்போது அறைகளையும் மாற்றிக் கொடுக்கலாம்: காலையில் ஹால் இதற்கு, மாலையில் அவற்றுக்கு.

அடுத்தது சேர்ந்து நடப்பது. இந்த முறையின் உயிரே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கடிபட்ட நாட்டு நாயோடு தொடங்காதீர்கள். லாப்ரடாரோடு தொடங்குங்கள்: வயதானது, நிதானமானது, எதிர்பாலினம். நாட்டு நாய் வீட்டில் இருக்கட்டும். ஒரு நாய்க்கு ஓர் ஆள், இருவரும் பெரியவர்கள். ஆறடி லீஷ், கழுத்துப்பட்டையோடு ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போட்டு இரண்டிலும் கொக்கி மாட்டுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் லீஷ் இந்த வேலைக்கு ஆகாது. சங்கிலியும் வேண்டாம்.

உங்கள் தெரு இதற்குச் சரிவராது. தெரு நாய்கள் குறுக்கே வந்தால் ஒரு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். வீடு கட்டாத லேஅவுட், விடுமுறை நாளில் பள்ளி மைதானம் என்று இருபுறமும் தூரமாகப் பார்க்க முடிந்த இடமாகத் தேடுங்கள். காலை ஐந்தரைக்குப் போனால் வெயிலும் இல்லை, நாயின் பாதம் தாரில் சுடாது.

தொடக்க இடைவெளி 100 அடி. இரண்டு நாய்களும் ஒரே திசையில், பக்கவாட்டில் நடக்க வேண்டும், எதிரெதிரே வரக்கூடாது. அந்தத் தூரத்திலும் புதிய நாய் முறைத்துப் பாய்ந்தால் 150 அடி. சரியான தூரத்துக்கு ஒரு எளிய சோதனை: மற்ற நாயைப் பார்த்த பின்னும் உங்கள் கையிலிருந்து கோழித்துண்டை மென்மையாக வாங்குகிறதா? வாங்கவே மறுத்தால் மிக அருகில் இருக்கிறீர்கள். விரலையும் சேர்த்துக் கடித்து வாங்கினாலும் அதே பொருள்தான். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி 100 கிராம், பட்டாணி அளவில் நறுக்கினால் ஒரு நடைக்குத் தாராளம். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

எது முதலில் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாய் கண்ணில் படவேண்டும், அதன் பிறகு கறி வரவேண்டும். கறிப் பையைச் சரசரவென்று திறந்த பிறகு மற்ற நாய் வந்தால், கறியே அபாய அறிவிப்பாகிவிடும். மற்ற நாய் தெரியும்வரை கறி வந்துகொண்டே இருக்கட்டும், மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சில நாட்களில் உங்கள் நாய் லாப்ரடாரைப் பார்த்த கையோடு தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பலுக்குத்தான் இத்தனை பாடு. அது வராமல் தூரத்தைக் குறைக்காதீர்கள்.

ஒரு நடை 15 நிமிடம் போதும். தொடர்ந்து மூன்று நடை அமைதியாக முடிந்தால் பத்தடி குறையுங்கள். லீஷ் எப்போதும் தளர்ந்து தொங்க வேண்டும். லீஷை இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் அதன் வழியே நாய்க்குப் போகும், கழுத்து நெரிவதன் எரிச்சலும் சேரும். ஒரு நாள் கெட்டுப்போனால் மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் பழைய தூரத்தைப்போல இரண்டு மடங்கில் ஆரம்பியுங்கள். 15 அடிக்கு வந்தபின் முன்பின்னாக நடக்கவிடுங்கள். லாப்ரடார் சிறுநீர் கழித்த இடத்தை இது மோந்து பார்க்கட்டும், பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரடி மோப்பம் வாய்க்கூடையோடுதான் (கடிக்காமல் இருக்க நாயின் வாயில் மாட்டும் மஸில்). புதிய நாய் பின்பக்கத்திலிருந்து வந்து மோக்கட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிவிட்டு இரண்டு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலக்குங்கள். லீஷை இழுக்க வேண்டாம், கறியைக் காட்டித் திருப்புங்கள். மூன்று விநாடிக்கு மேல் போகும் மோப்பத்தில்தான் உடல் விறைக்கத் தொடங்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சந்திப்பு நல்லபடியாக முடிந்த பிறகு, சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் லீஷைத் தரையில் இழுபட விட்டு ஐந்து நிமிடம்.

வீட்டுக்குள் முதல்முறை நுழையும்போது, சேர்ந்து நடந்துவிட்டு வந்த களைப்போடு நுழையட்டும். தட்டு, எலும்பு, பந்து, படுக்கை எதுவும் கண்ணில் படக்கூடாது. ஹாலைவிட கார் நிறுத்தும் இடமோ பின்பக்க முற்றமோ நல்லது. மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பாருங்கள். துரத்தலில் நாய் தாண்டிவிடும். பத்து நிமிடம், பிறகு பிரித்துவிடுங்கள். அமைதியாக இருக்கும்போதே பிரிப்பதுதான் முக்கியம்.

லாப்ரடாரோடு இவ்வளவும் முடிந்த பிறகு, நாட்டு நாயோடு 100 அடியிலிருந்து மறுபடி எல்லாம். இரண்டு ஜோடியும் தனித்தனியே சரியான பிறகே மூன்றும் சேர்ந்து. எத்தனை நாள் என்று கேட்பீர்கள். சீக்கிரம் என்றால் ஆறு வாரம். மூன்று நான்கு மாதம் சாதாரணம். அதற்குப் பிறகும் ஆள் இல்லாத நேரத்தில் தனித்தனியாகவே இருக்கட்டும். மூன்றும் கட்டிப் புரள வேண்டியதில்லை. ஒன்றைக் கடந்து மற்றொன்று தண்ணீர் குடிக்கப் போகும்போது இரண்டும் அலட்டிக்கொள்ளாமல் இருந்தால், உங்கள் வேலை நிறைவேறிவிட்டது.

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தில் எந்தப் புதுப்படியும் வேண்டாம். வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாய்க்குப் பொறுமை இருக்காது.

வாய்க்கூடை போடுவது கொடுமை என்கிறாள் என் மகள். கடையில் நைலான் துணியில் 150 ரூபாய்க்கு ஒன்று கொடுத்தார்கள். போட்டதும் காலால் பிறாண்டிப் பிடுங்கிவிட்டது.
— வாசகர், திருச்சி

அந்தத் துணி வகையைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வது சரி. அது வாயை மூடிக் கட்டிவிடும். நாய்க்கு உடல்சூட்டைத் தணிக்க இருக்கும் முக்கிய வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். திருச்சி வெயிலில் துணி மஸிலோடு பத்து நிமிடம் நடத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் ஊசி போடும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான் அது.

உங்களுக்கு வேண்டியது கூடை வகை. ரப்பரோ பிளாஸ்டிக்கோ கம்பியோ எதுவானாலும், போட்டபடி நாய் வாயைத் திறந்து இளைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், இடுக்கு வழியே கறித்துண்டு வாங்க வேண்டும். வாங்கும் முன் டெய்லர் டேப்பால் இரண்டு அளவு எடுங்கள்: கண்ணுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு மூக்கு நுனிவரை நீளம்; மூக்குத்தண்டு எங்கே அகலமோ அங்கே சுற்றளவு, வாய் சற்றுத் திறந்திருக்கும்போது. கூடையின் நுனிக்கும் மூக்குக்கும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். கண்ணில் இடிக்கக்கூடாது. பின்பட்டை காதுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

பழக்குவதற்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் கூடையை ஒரு கிண்ணம்போலப் பிடித்து, உள்ளே கெட்டித் தயிர் தடவிக் காட்டுங்கள். தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும், பட்டையைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் மூக்கு உள்ளே இருக்கும்போது பட்டையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டு எடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் மாட்டி, ஐந்து விநாடி. பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், வீட்டுக்குள் நடை, வாசல்வரை நடை. பிறாண்டினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். முந்தைய படிக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை: மற்ற நாயைச் சந்திக்கும்போது மட்டும் மாட்டினால், கூடையைப் பார்த்ததுமே நாய்க்குப் படபடப்பு வந்துவிடும். சாதாரண நாளிலும் கொஞ்ச நேரம் மாட்டுங்கள். கூடை போட்டிருப்பதால் தைரியமாக நேரே விட்டுவிடவும் வேண்டாம். கடிக்க முடியாத நாய் முட்டும், மேலே விழுந்து அழுத்தும். ஒருமுறை அப்படி அடிபட்ட வீட்டு நாய் அதை மறக்காது.

புதிய நாய் உறுமும்போதெல்லாம் ‘நோ’ என்று அதட்டுகிறேன். இப்போது உறுமுவதை நிறுத்திவிட்டது. முன்னேற்றம்தானே?
— வாசகி, மதுரை

இல்லை. அதட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். உறுமல் என்பது “தள்ளிப் போ” என்ற வேண்டுகோள். அதை அடக்கினால் பயம் போகாது, சத்தம் மட்டும் போகும். அடுத்தது நேராகக் கடி. ‘முன்னறிவிப்பே இல்லாமல் கடித்தது’ என்று எங்களுக்கு எழுதுபவர்களில் பலருடைய நாய்கள் முன்பு உறுமிக்கொண்டிருந்தவை.

உறுமினால் தூரத்தைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். உறுமலுக்கு முன்பே உடம்பு பேசும். திறந்திருந்த வாய் பட்டென்று மூடுவது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, தலை குனிந்தபடி அசையாமல் நிற்பது. இவற்றில் கடைசியானது மிக அருகில் வந்துவிட்ட ஆபத்து. அந்த ஒரு நொடியில் கூப்பிட்டுத் திருப்பாவிட்டால் பிறகு திருப்ப முடியாது. வால் ஆடுகிறதே என்று ஏமாறாதீர்கள். உயரத் தூக்கிய வால் குச்சிபோல விறைத்து வேகமாக ஆடினால் அது சந்தோஷம் இல்லை. உடம்பு முழுக்க நெளிந்து, இடுப்போடு சேர்ந்து ஆடுவதுதான் நட்பு.

அடிப்பது, ஷாக் பட்டை, முள் பட்டை மூன்றும் இந்தப் பிரச்சினையில் எதிர்விளைவையே தரும். மற்ற நாயைப் பார்க்கும்போதெல்லாம் வலி வந்தால், அந்த வலிக்கு மற்ற நாய்தான் காரணம் என்று இது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

நேற்று இரண்டு நாயும் கவ்விக்கொண்டன. நடுவில் கையை விட்ட என் அம்மாவுக்கு முன்கையில் இரண்டு பல் இறங்கிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். நாய்க்குச் சிறு ஓட்டை மட்டும்தான். அடுத்தமுறை எப்படிப் பிரிப்பது?
— வாசகர், சேலம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலுக்குள் போடும் முறையில் ரேபிஸ் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). பல் இறங்கிய காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸுக்கு எதிராக உடனடிப் பாதுகாப்பு தரும் ஊசி) போட வேண்டும்; அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். மீட்ட நாயின் பழைய கதை யாருக்கும் தெரியாது. டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

நாயின் சிறு ஓட்டையை நம்பாதீர்கள். கோரைப்பல் ஊசிபோல இறங்கி, தோலை மேலே இழுத்து உள்ளே தசையைக் கிழித்திருக்கும். மேலே ஓட்டை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். மூன்றாம் நாள் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகு வைத்தியம் கடினம். அன்றே மருத்துவரிடம் காட்டி முடியை மழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கடி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பிரிப்பதற்கு: கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள். கடி வாங்குவது பெரும்பாலும் அப்போதுதான்; நாய் யார் கை என்று பார்க்காமல் திரும்பிக் கவ்வும். கத்தவும் வேண்டாம், கத்தினால் வேகம் கூடும். வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். கனமான போர்வையை இரண்டின் மேலும் போடுங்கள். ஒரு பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, பாத்திரக்கூடை எதையாவது இடையில் நுழைத்துத் தள்ளுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கம் பிடித்து, தள்ளுவண்டிபோலத் தூக்கி, ஒரே நேரத்தில் பின்னோக்கி அரைவட்டமாக நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் மாட்டிய நாய் ஓட முடியாமல் அடிபடும். கவ்விய வாய் விடவில்லை என்றால் இழுக்கவே கூடாது, சதை கிழிந்து வரும். விடும்வரை அசையாமல் பிடித்திருந்து, விட்ட நொடியில் பின்வாங்குங்கள். பிரித்ததும் ஒன்றைக் கதவுக்கு அப்பால் பூட்டுங்கள். சண்டைக்குப் பின் அந்தப் படபடப்பு அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். ‘சமாதானம் செய்துவைக்க’ அன்று மாலையே முகத்துக்கு முகம் காட்டாதீர்கள்.

இரண்டும் பெண் நாய்கள். ஆறு மாதம் அக்கா தங்கை போல இருந்தன. புதிய நாய்க்கு இரண்டு வயது ஆனதிலிருந்து வாரம் ஒரு சண்டை. ‘யார் பெரியவள் என்று அவையே தீர்த்துக்கொள்ளும், விட்டுவிடு’ என்கிறார் மாமனார்.
— வாசகி, வேலூர்

மாமனார் சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான். ஆனால் விட்டுவிட்டால் தீராது, முற்றும். ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்களுக்குள் வரும் சண்டை மிகக் கடுமையானது என்பது மருத்துவர்கள் தொடர்ந்து பார்ப்பது. நாய் மனதளவில் முதிர்வது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். அதுவரை விட்டுக்கொடுத்த குட்டி, அதன் பிறகு விட்டுக்கொடுக்காது. உங்கள் விஷயத்தில் காலக்கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒரு நோட்டில் ஒவ்வொரு சண்டையையும் எழுதுங்கள்: எந்த இடம், என்ன மணி, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது. நான்கைந்து சண்டைக்குள் காரணம் தெரிந்துவிடும். சமையலறை வாசல், சோபாவுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு, நீங்கள் அலுவலகத்திலிருந்து வரும் நேரம், காலிங் பெல். பலரும் கவனிக்காத ஒன்று கேட். தெருவில் ஒரு நாய் போகும். இரண்டும் கேட்டில் பாய்ந்து குரைக்கும். எட்டாத ஆத்திரம் பக்கத்தில் இருப்பதன் மேல் திரும்பும். உங்களுக்கு அப்படி இருந்தால் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரம் அடித்து மறைப்பதே பாதி வைத்தியம்.

சாப்பாடு தனி அறையில், கதவு மூடி. இரண்டும் முடித்துத் தட்டை எடுத்த பிறகு திறங்கள். எலும்பே வேண்டாம். வீட்டுக்குள் நான்கடி லேசான கயிறு ஒன்று கழுத்துப்பட்டையில் தொங்கட்டும், ஆள் இருக்கும்போது மட்டும். விறைப்பு தெரிந்தால் கையை நடுவில் விடாமல் கயிற்றைப் பிடித்து விலக்கலாம். அதற்கு முன் இரண்டு வாரம் முழுப் பிரிவு, பிறகு கோவை வாசகிக்குச் சொன்ன நடை.

தைராய்டும் மூட்டும் இரண்டு நாய்க்கும் பரிசோதியுங்கள், குறிப்பாகப் பழையதற்கு. இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கும் மருந்து எழுதலாம். அது மயக்க மருந்து இல்லை. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக்கூடாது, பயிற்சி இல்லாமல் அது மட்டும் போதவும் போதாது. மெடிக்கலில் மனிதர்களுக்கான அளவில் வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் காட்டலாம்.

கருத்தடை செய்தால் சண்டை நிற்குமா?
— வாசகர், தாம்பரம்

ஆண் நாய்கள் பெண் நாய்க்காகப் போடும் சண்டையும் ஊர் சுற்றலும் குறையும். பயத்தால் வரும் சீற்றம் குறையாது. எப்படியும் செய்துவிடுங்கள், பருவத்துக்கு வந்த பெண் நாய் இருக்கும் வீட்டில் எந்த அறிமுகமும் நடக்காது. காதில் சின்ன வெட்டு இருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆன தெரு நாயாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அறுவைக்குப் பின் தையல் ஆறும்வரை, பத்துப் பதினான்கு நாள், சந்திப்புகளை நிறுத்துங்கள். ஆண் நாய்க்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் இனப்பெருக்கத் திறன் இருக்கும். ஆறு வாரம் எச்சரிக்கை. மீட்ட நாய்களில் பாலுறவால் பரவும் கட்டி நம் நாட்டில் அதிகம். பிறப்புறுப்பில் ரத்தக் கசிவு இருந்தால் அது ஆறும்வரை நக்கவோ மோக்கவோ விடாதீர்கள்.

கைவிடப்பட்ட சிப்பிப்பாறை நாயை எடுத்து வந்தேன். முயல் வேட்டைக்கு வைத்திருந்தார்களாம். வீட்டில் நாலு கிலோ பொமரேனியன். சிப்பிப்பாறை உறுமுவதே இல்லை, அமைதியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.
— வாசகர், கோவில்பட்டி

அந்த அமைதிதான் கவலை தருகிறது. கோபம் உறுமும், வேட்டை உறுமாது. தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல், ஒரு காலைத் தூக்கியபடி பார்க்கிறதென்றால் அது பொமரேனியனை நாயாகவே பார்க்கவில்லை. சின்ன நாய் ஓடி, ‘கீச்’ என்று கத்தினால் போதும். ஒரு கடியில் முடிந்துவிடும், நீங்கள் எழுவதற்குள். லீஷில் சேர்ந்து நடக்கலாம், ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு அறையில் வாழலாம். இரண்டையும் அவிழ்த்துவிட்டு ஒன்றாக ஒருபோதும் வேண்டாம். மூன்றடித் தடுப்பு சிப்பிப்பாறைக்கு ஒரு தாவல். கதவு மட்டுமே தடுப்பு.

பிரச்சினை தீரும்வரை மொட்டை மாடியில் கட்டிப்போடலாமா?
— வாசகி, ஈரோடு

வேண்டாம். கட்டியே கிடக்கும் நாய்க்குச் சீற்றம் கூடும், மாடித் தரை மதியத்தில் கொதிக்கும். ஓர் அறை, மின்விசிறி, நாளுக்கு இரண்டு நடை, மென்றுகொண்டிருக்க ஏதாவது ஒன்று. மாடியை விளக்கு வைத்த பிறகு அவிழ்த்துவிட்டு விளையாட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதமாக எல்லாம் செய்துவிட்டோம். நான்கு சண்டை, இரண்டுமுறை தையல். எங்கள் பழைய நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதில்லை. கைவிடவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

நீங்கள் தோற்றுவிடவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் தையல் போடும் அளவுக்குக் கடி, வீட்டு நாய் சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது, வீட்டுக்குள் சிறுநீர் போவது: இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே சேர்க்கும் முயற்சியை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பழைய நாயும் உங்களை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆயுள் முழுக்க முறைவைத்துப் பிரித்தே வளர்ப்பது. இதற்கு இரண்டு பெரியவர்கள், இரண்டு பூட்டும் கதவு, நாளுக்கு நான்கு தனித்தனி நடை வேண்டும். சின்னக் குழந்தையோ மறதி உள்ள பெரியவரோ வீட்டில் இருந்தால் இது நடக்காது. இரண்டு, வேறு நாய் இல்லாத வீடு. மனிதர்களிடம் பாசமாக இருக்கும் நாய்க்கு அப்படி ஒரு வீட்டில் நல்ல வாழ்வு அமையும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஐந்து மாதம் வீட்டில் இருந்த நாய் தெருவில் ஒரு வாரம் தாங்காது.

கொடுக்கும் வீட்டுக்கு எதையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை சண்டை, எந்த நாயோடு, எங்கே காயம், எத்தனை அடி தூரத்தில் பிற நாயைப் பொறுத்துக்கொள்ளும், வாய்க்கூடை பழகியதா, ஊசி போட்ட தேதிகள். முன்கூட்டியே மூன்று நான்குமுறை அவர்கள் உங்கள் நாயோடு நடந்து பழகட்டும். போகும்போது அது படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்; வாய்க்கூடை, ஹார்னஸ், ஒரு வாரத்துக்கு அது சாப்பிடும் அதே உணவும் இருக்கட்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் நாய் உங்களிடமே திரும்பி வர வேண்டும் என்று அந்தத் தாளின் கடைசி வரியில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.